ஆல்கஹால் டிஹைட்ரோஜினேஸ்: மெத்தனாலை நஞ்சாக மாற்றும் கல்லீரல் நொதி

மெத்தனால் உடலுக்குள் சென்ற முதல் சில மணி நேரத்தில், சாதாரணச் சாராயம் தரும் மயக்கத்தைவிடக் கூடுதலாக எதையும் செய்வதில்லை. பார்வையையும் உயிரையும் பறிக்கும் நஞ்சாக அதனை மாற்றுவது நமது கல்லீரலிலேயே உள்ள ஒரு நொதியாகும். அதன் பெயர் ஆல்கஹால் டிஹைட்ரோஜினேஸ். இந்நொதி எவ்வாறு செயல்படுகிறது என்பதை அறிந்தால், கள்ளச்சாராயம் அருந்தியவர் மறுநாள் காலை வரை நலமாக இருப்பது ஏன், பின்னர் திடீரெனக் கண் மங்குவது ஏன், மருத்துவமனையில் சிலருக்கு எத்தனாலையே மருந்தாகக் கொடுப்பது ஏன் ஆகிய மூன்றுக்கும் விடை கிடைக்கும்.

2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி நகரின் கருணாபுரம் பகுதியில் மெத்தனால் கலந்த சாராயம் அருந்தியவர்களில் 60-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். கள்ளக்குறிச்சி, சேலம், விழுப்புரம் ஆகிய இடங்களின் அரசு மருத்துவமனைகளிலும் புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையிலும் ஏராளமானோர் சேர்க்கப்பட்டனர். அதற்கு முந்தைய ஆண்டு, 2023 மே மாதத்தில், மரக்காணம் அருகே எக்கியார்குப்பத்திலும் செங்கல்பட்டு மாவட்டத்திலும் இதே காரணத்தால் 20-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். புதுக்கோட்டை மாவட்ட மக்களுக்கும் இச்செய்தி பொருந்தும். கள்ளச்சாராயம் மட்டுமன்றி, தச்சுப்பட்டறையில் உள்ள தின்னர், பிரெஞ்சு பாலிஷ், தொழிற்கூடங்களில் பயன்படும் கரைப்பான் ஆகியவற்றிலும் மெத்தனால் இருக்கக்கூடும் என்பதே காரணம்.

நொதியும் அதன் பணியும்

உடலில் நடைபெறும் வேதிவினைகளை விரைவுபடுத்தும் புரதங்களே நொதிகள். டிஹைட்ரோஜினேஸ் என்னும் சொல் ஒரு தனி நொதியைக் குறிப்பதன்று. ஒரு பொருளிலிருந்து ஹைட்ரஜனை நீக்கும் நொதிகள் அனைத்துக்கும் உரிய பொதுப்பெயர் அது. இரத்தப் பரிசோதனை அறிக்கையில் எல்.டி.எச். என்று காணப்படுவது லாக்டேட் டிஹைட்ரோஜினேஸ். முதிர்ந்த சிவப்பணுக்களை ஆக்சிஜனேற்றச் சிதைவிலிருந்து காப்பது குளுக்கோஸ்-6-பாஸ்பேட் டிஹைட்ரோஜினேஸ். ஆல்கஹால் டிஹைட்ரோஜினேஸ் இப்பெருங்குடும்பத்தின் ஓர் உறுப்பினர்.

நீக்கப்படும் ஹைட்ரஜன் எங்கே செல்கிறது என்பது முக்கியமான கேள்வி. அதனை ஏற்றுக்கொள்ள என்ஏடி என்னும் துணைநொதி அருகிலேயே இருக்க வேண்டும். நியாசின் எனப்படும் பி3 உயிர்ச்சத்திலிருந்து உடல் இதனைத் தயாரிக்கிறது. ஹைட்ரஜனை ஏற்ற பின் இது என்ஏடிஎச் ஆகிறது. நெல் அவிக்கும் களத்தில் காலியான சாக்கு வந்தால்தான் அடுத்த மூட்டையைக் கட்ட முடியும் என்பதைப் போல, ஹைட்ரஜனைச் சுமந்த என்ஏடிஎச் மீண்டும் காலியாகித் திரும்பினால்தான் நொதியின் பணி தொடரும். நொதியின் மையத்தில் துத்தநாக அணு ஒன்று இருக்கிறது; ஆல்கஹால் மூலக்கூறைப் பிடித்து நிறுத்துவது அதுவே.

மது அருந்தாதவருக்கும் இந்நொதி உண்டு. நமது குடலில் வாழும் நுண்ணுயிரிகள் மாவுப்பொருளை நொதிக்கச் செய்து சிறிதளவு எத்தனாலை நாள்தோறும் உருவாக்குகின்றன. நன்கு பழுத்த பழத்திலும் புளித்த உணவிலும் அது நுண்ணளவில் உண்டு. அவற்றை அகற்றுவதே இந்நொதியின் இயல்பான வேலை. வைட்டமின் ஏ-யைப் பார்வைக்கு உகந்த வடிவமாக மாற்றுவதும் ஹைட்ரஜனை நீக்கும் வினைதான். வேறு டிஹைட்ரோஜினேஸ்கள் அதனைச் செய்கின்றன. கண்ணுக்கு உதவும் அதே வகை வினை, வேறொரு மூலப்பொருளின் மீது நடைபெறும்போது கண்ணையே பறிக்கிறது.

எத்தனால் செல்லும் வழி

மதுவில் உள்ள எத்தனாலை ஆல்கஹால் டிஹைட்ரோஜினேஸ் முதலில் அசிட்டால்டிஹைடாக மாற்றுகிறது. ஆல்டிஹைடு டிஹைட்ரோஜினேஸ் என்னும் இரண்டாவது நொதி அதனை அசிட்டேட்டாக மாற்றுகிறது. அசிட்டேட் தீங்கற்றது, உடல் அதனை எரித்து ஆற்றலாகப் பயன்படுத்திக்கொள்ளும். இடையில் தோன்றும் அசிட்டால்டிஹைடு தேங்கினால் முகம் சிவத்தல், படபடப்பு, குமட்டல் ஏற்படும். கிழக்காசிய மக்களில் பலருக்கு இரண்டாவது நொதி பிறவியிலேயே வலுவிழந்திருப்பதால், ஒரு கோப்பை மதுவிலேயே அவர்கள் முகம் சிவந்துவிடும்.

இந்நொதியின் வேகத்துக்கு ஓர் எல்லை உண்டு. நடுத்தர எடையுள்ள ஒருவரின் உடல் மணிக்கு ஏறத்தாழ 7 முதல் 10 கிராம் எத்தனாலை மட்டுமே அகற்றும். 42.8 சதவீத வலிமையுள்ள 180 மி.லி. மதுவில் சுமார் 60 கிராம் எத்தனால் உள்ளது. மணிக்கு 7 கிராம் வீதம் கணக்கிட்டால், அது முழுவதும் நீங்க எட்டு மணி நேரத்துக்கும் மேலாகும். மோர், எலுமிச்சைச் சாறு, குளிர்ந்த நீரில் குளியல், கடுங்காப்பி ஆகிய எதுவும் இந்த வேகத்தைக் கூட்டுவதில்லை. இரவில் அருந்திவிட்டு விடியற்காலையில் வண்டி ஓட்டுபவர்கள் இக்கணக்கை நினைவில் கொள்ளுதல் நன்று.

எத்தனால் மிகுதியாகும்போது என்ஏடி முழுவதும் அதற்கே செலவாகி, கல்லீரலில் என்ஏடிஎச் குவிந்துவிடுகிறது. இதனால் கொழுப்பு எரிவது தடைப்பட்டுக் கல்லீரலில் படிகிறது. பட்டினி நேரத்தில் புதிதாகக் குளுக்கோஸ் தயாரிக்கும் பணியும் தடைப்படுகிறது. பகல் முழுவதும் கூலிவேலை செய்துவிட்டு, உண்ணாமல் அருந்துபவர்களுக்கு இரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்குக் குறைவது இதனால்தான். 'போதையில் உறங்குகிறார்' என்று வீட்டார் விட்டுவிடும் சிலர், உண்மையில் சர்க்கரை குறைந்து நினைவிழந்திருப்பார்கள்.

மெத்தனால் அதே வழியில் சென்றால்

மெத்தனால், எத்தனாலைப் போலவே நிறமற்ற நீர்மம். மணத்திலோ சுவையிலோ பொதுமக்கள் வேறுபாடு காண இயலாது. தீப்பற்ற வைத்துப் பார்ப்பது, கையில் தேய்த்து முகர்வது ஆகிய நாட்டு வழக்கச் சோதனைகளுக்கு எவ்விதப் பயனும் இல்லை. சாராயம் காய்ச்சும்போது ஏற்படும் தவறுதான் மெத்தனாலுக்குக் காரணம் என்ற கருத்தும் பரவலாக உள்ளது. பழங்களைப் புளிக்க வைத்துக் காய்ச்சும்போது சிறிதளவு மெத்தனால் தோன்றுவது உண்மையே. ஆனால் பலர் ஒரே நேரத்தில் இறக்கும் நிகழ்வுகளில், தொழிற்சாலைப் பயன்பாட்டுக்குரிய மெத்தனால் நீருடனோ சாராயத்துடனோ கலந்து விற்கப்பட்டிருக்கும். ஆகவே 'எங்கள் ஊரில் காய்ச்சியது, நம்பிக்கையானது' என்னும் உறுதிமொழிக்குப் பொருள் இல்லை. விற்பவருக்கே கலப்பு தெரியாமல் இருக்கலாம்.

உடலுக்குள் சென்ற மெத்தனாலையும் அதே ஆல்கஹால் டிஹைட்ரோஜினேஸ் பிடித்து ஹைட்ரஜனை நீக்குகிறது. நொதிக்கு இரண்டும் ஏறத்தாழ ஒரே வடிவம். இப்போது உருவாவது அசிட்டால்டிஹைடு அன்று, ஃபார்மால்டிஹைடு. உடற்கூறியல் துறையில் உடல்களைப் பதப்படுத்தப் பயன்படும் அதே பொருள். அது சில நிமிடங்களில் ஃபார்மிக் அமிலமாகிவிடும். எறும்பு கடித்த இடத்தில் எரிச்சல் தரும் அமிலமும் இதுவே. நச்சின் பெரும்பகுதி இந்த அமிலத்தால் விளைவது.

ஃபார்மிக் அமிலத்தைக் கரியமில வாயுவாகவும் நீராகவும் மாற்றி வெளியேற்ற ஃபோலேட் என்னும் உயிர்ச்சத்து தேவை. எலியின் கல்லீரலில் இப்பணி விரைவாக நடைபெறுகிறது. மனிதரிடத்திலும் குரங்கினத்திலும் மெதுவாகவே நடைபெறுகிறது. எனவே எலி தாங்கிக்கொள்ளும் அளவு மனிதருக்கு ஆபத்தாகிறது. சுமார் 10 மி.லி. தூய மெத்தனால்கூட நிலையான பார்வையிழப்பை உண்டாக்கக்கூடும். 30 மி.லி. அளவிலேயே உயிரிழப்புகள் பதிவாகியுள்ளன. இது இரண்டு மேசைக்கரண்டி அளவு.

தேங்கிய ஃபார்மிக் அமிலம் இரு வழிகளில் தாக்குகிறது. முதலாவதாக, இரத்தத்தின் அமிலத்தன்மையைக் கூட்டுகிறது. இரண்டாவதாக, செல்களின் ஆற்றல் கூடமான மைட்டோகாண்ட்ரியாவில் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் கடைசி நொதியை முடக்குகிறது. இரத்தத்தில் போதிய ஆக்சிஜன் இருந்தும் செல்கள் அதனைப் பயன்படுத்த இயலாமல் மூச்சுத் திணறுகின்றன. ஓய்வின்றி ஆற்றலைச் செலவிடும் விழித்திரையும் பார்வை நரம்பும் முதலில் பாதிக்கப்படுகின்றன. மூளையின் ஆழத்தில் உடலசைவுகளை ஒழுங்குபடுத்தும் பகுதியும் சேதமடையலாம்; உயிர் பிழைத்தவர்களில் சிலருக்குப் பின்னர் உடல் விறைப்பும் நடுக்கமும் தோன்றுவது இதனால்தான்.

அறிகுறிகள் தாமதமாவது ஏன்?

மெத்தனாலை இந்நொதி மெதுவாகவே கையாள்கிறது. ஆகவே ஃபார்மிக் அமிலம் ஆபத்தான அளவை எட்ட, அருந்திய நேரத்திலிருந்து பொதுவாக 12 முதல் 24 மணி நேரம் ஆகிறது. சாராயத்தில் எத்தனாலும் கலந்திருந்தால் நொதி முதலில் எத்தனாலையே பிடித்துக்கொள்ளும். அப்போது அறிகுறிகள் இன்னும் தாமதமாகும். இந்த இடைவெளிதான் மிகுந்த உயிர்ச்சேதத்துக்குக் காரணமாகிறது. முதலில் அருந்தியவருக்கு ஏதும் நேராததைக் கண்டு மற்றவர்களும் அருந்துகின்றனர். கருணாபுரத்தில் இறப்பு வீட்டுக்கு வந்தவர்களும் அதே சாராயத்தை அருந்தியதாக அப்போது செய்திகள் வெளிவந்தன.

தலைவலி, தலைச்சுற்றல், வாந்தி, கடுமையான வயிற்றுவலி ஆகியவை முதலில் தோன்றும். இவற்றை முந்தைய இரவின் போதை என்றோ, உணவு ஒவ்வாமை என்றோ கருதிவிடுவது எளிது. அடுத்துப் பார்வை மங்கும். பனிமூட்டத்துக்குள் பார்ப்பதுபோல், எங்கும் வெண்மையாய்த் தெரிவதாகப் பாதிக்கப்பட்டோர் கூறுவர். வெளிச்சம் கண்ணைக் கூசச் செய்யும். மூச்சு ஆழமாகவும் வேகமாகவும் வாங்கும். இரத்தத்தில் மிகுந்த அமிலத்தை நுரையீரல் வழியே ஈடுசெய்ய உடல் முயல்வதன் அடையாளம் அது. அதன் பின்னர் வலிப்பு, நினைவிழப்பு, மூச்சு நிற்றல்.

இங்கு ஒரு செய்தியை அழுத்தமாகக் கூற வேண்டியுள்ளது. ஒரே இடத்தில் அருந்தியவர்களுள் ஒருவருக்குக் கண் மங்கினாலும், நலமாக இருக்கும் மற்ற அனைவரும் உடனே மருத்துவமனைக்கு வர வேண்டும். அறிகுறி இல்லாதவரின் உடலில் மெத்தனால் இன்னும் மெத்தனாலாகவே இருக்கிறது. நொதியைத் தடுத்து நிறுத்தி அவரை முழுமையாகக் காப்பாற்றும் வாய்ப்பு அந்நேரத்தில்தான் மிக அதிகம். கண் மங்கிய பின் வருபவருக்கு உயிரைக் காக்கலாம். பார்வையை மீட்பது உறுதியன்று.

சிகிச்சையின் அடிப்படை

நொதியின் இயல்பை அறிந்ததன் பயன் சிகிச்சையில் வெளிப்படுகிறது. மெத்தனாலை விட எத்தனாலின் மீது இந்நொதிக்குப் பத்து மடங்குக்கும் மேற்பட்ட நாட்டம் உண்டு. இரண்டும் ஒருங்கே இருந்தால் எத்தனாலே இடத்தைப் பிடித்துக்கொள்ளும். மெத்தனால் மாற்றமடையாமல் சிறுநீர், மூச்சு ஆகியவற்றின் வழியே மெதுவாக வெளியேறும். மருத்துவமனையில் அளவிட்டு எத்தனால் கொடுப்பது இதற்காகவே. 100 மி.லி. இரத்தத்தில் சுமார் 100 மில்லிகிராம் எத்தனால் இருக்குமாறு, குறையாமலும் மிகாமலும், மணிக்கணக்கில் கவனித்துக் கொடுக்க வேண்டும்.

இதைவிடச் சிறந்தது ஃபோமிபிசோல் என்னும் ஊசிமருந்து. இதன் வரலாறு சுவையானது. ஸ்வீடன் நாட்டு அறிவியலாளர் ஹியூகோ தியோரெல், ஆக்சிஜனேற்ற நொதிகள் குறித்த ஆய்வுக்காக 1955-ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்றவர். ஸ்டாக்ஹோமில் அவரது ஆய்வகத்தில், குதிரையின் கல்லீரலிலிருந்து எடுக்கப்பட்ட ஆல்கஹால் டிஹைட்ரோஜினேஸ் நெடுங்காலம் ஆராயப்பட்டது. பைரசோல் என்னும் சேர்மம் இந்நொதியை இறுகப் பற்றி முடக்குவதை 1960-களில் அக்குழுவினர் கண்டனர். அச்சேர்மத்தின் திருத்திய வடிவமே ஃபோமிபிசோல். யாருக்கும் உடனடிப் பயன் தராததாகத் தோன்றிய குதிரைக் கல்லீரல் ஆய்வு, பிற்காலத்தில் மாற்றுமருந்தாயிற்று. 2000-ஆம் ஆண்டு அமெரிக்காவில் மெத்தனால் நச்சுக்கு இதனைப் பயன்படுத்த ஒப்புதல் அளிக்கப்பட்டது. உலக சுகாதார நிறுவனத்தின் இன்றியமையா மருந்துகள் பட்டியலிலும் இது இடம்பெற்றுள்ளது. நொதியை முடக்கும் இம்மருந்து மயக்கத்தைத் தருவதில்லை. ஆதலால் நோயாளியின் நினைவுநிலையைக் கண்காணிப்பது எளிது.

நொதியை நிறுத்துவது மட்டும் போதாது. நிறுத்திய பின் இரத்தத்திலுள்ள மெத்தனாலில் பாதி வெளியேறவே இரண்டு நாள்கள் வரை ஆகலாம். டயாலிசிஸ் செய்தால் அதே பாதி சுமார் இரண்டரை மணி நேரத்தில் நீங்கும். ஏற்கெனவே உருவாகிவிட்ட ஃபார்மிக் அமிலமும் அதனுடன் அகலும். இரத்தத்தின் அமிலத்தன்மையைச் சீராக்கச் சோடியம் பைகார்பனேட்டும், ஃபார்மிக் அமிலம் சிதைவதை விரைவுபடுத்த ஃபோலினிக் அமிலமோ ஃபோலிக் அமிலமோ கொடுக்கப்படும். இரத்தத்தில் மெத்தனாலை நேரடியாக அளக்கும் கருவி எல்லா மருத்துவமனைகளிலும் இருப்பதில்லை. இரத்த வாயுப் பரிசோதனை, உப்புகளின் அளவு, கண் பரிசோதனை, அருந்திய விவரம் ஆகியவற்றைக் கொண்டே சிகிச்சையைத் தொடங்கிவிடுவர். விவரத்தை மறைக்காமல் கூறுவது எவ்வளவு இன்றியமையாதது என்பது இதனால் விளங்கும்.

வீட்டில் நேரும் தவறுகள்

எத்தனால் மருந்தாகும் என்று படித்தவுடன், வீட்டிலேயே பிராந்தி கொடுத்தால் என்ன என்னும் எண்ணம் எழலாம். கூடாது. நினைவு மங்கியவருக்கு வாய்வழி கொடுப்பது நுரையீரலுக்குள் செல்லும். அளவு குறைந்தால் நொதி நிற்காது. மிகுந்தால் மூச்சு அடங்கும். இரத்தச் சர்க்கரையும் குறையும். எல்லாவற்றுக்கும் மேலாக, டயாலிசிஸுக்குச் செல்ல வேண்டிய நேரம் வீட்டில் கழிந்துவிடும். உப்புக் கரைசல் கொடுத்து வாந்தி எடுக்கச் செய்வதும் பயனற்றது. மெத்தனால் ஒரு மணி நேரத்துக்குள் பெரும்பாலும் இரத்தத்தில் கலந்துவிடுகிறது. அறிகுறி தோன்றும் வேளையில் வயிற்றில் எதுவும் எஞ்சியிராது.

108 ஆம்புலன்சை அழையுங்கள். மயங்கிய நிலையில் இருப்பவரை இடப்பக்கமாகச் சாய்த்துப் படுக்க வையுங்கள். எஞ்சிய சாராயமோ, அது இருந்த பாக்கெட்டோ கிடைத்தால் மூடி எடுத்து வாருங்கள். எப்போது, எவ்வளவு, யார் யாருடன் அருந்தினார் என்பதைத் தெரிந்தவர் உடன் வருதல் நலம். மணமேல்குடி, கோட்டைப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களிலிருந்தும் பொன்னமராவதி போன்ற எல்லைப் பகுதிகளிலிருந்தும் புதுக்கோட்டை வந்து சேர நேரமாகும். ஆகவே அருகிலுள்ள அரசு மருத்துவமனையில் முதல் சிகிச்சையைத் தொடங்கிக்கொண்டு, டயாலிசிஸ் வசதியுள்ள மருத்துவமனைக்குச் செல்வதே முறை. சில்லறை மருந்துக்கடையில் வயிற்றுவலி ஊசி போட்டுக்கொண்டு காத்திருப்பவர்கள் விலைமதிப்பற்ற மணி நேரங்களை இழக்கின்றனர்.

காவல்துறைக்குத் தெரிந்துவிடும் என்னும் அச்சம் பலரைத் தடுக்கிறது. நச்சு உட்கொண்டவரின் விவரத்தைப் பதிவு செய்து காவல் நிலையத்துக்குத் தெரிவிப்பது மருத்துவமனையின் சட்டக் கடமையே. ஆனால் சிகிச்சை அதற்காகக் காத்திருப்பதில்லை. அதே சாராயத்தை அருந்திய மற்றவர்களைத் தேடிக் கண்டறிந்து அழைத்துவரவும் அத்தகவலே உதவுகிறது. இவ்வச்சத்தால் கணவரை மறுநாள் மாலை வரை வீட்டில் வைத்திருக்கும் குடும்பங்களுக்கு அக்கம்பக்கத்தாரும் ஊராட்சியினரும் கிராமச் செவிலியரும் எடுத்துக் கூறலாம்.

சிறுவர்கள் தின்னரையோ கைகழுவும் கரைசலையோ தவறிக் குடித்துவிட்டாலும் இதே நடைமுறை பொருந்தும். இத்தகைய நீர்மங்களைத் தண்ணீர் பாட்டிலிலோ குளிர்பான பாட்டிலிலோ ஊற்றி வைக்கும் பழக்கம் பட்டறைகளில் மிகுதி. குழந்தையின் உடல் எடைக்கு ஒரு மிடறே கூடுதலான அளவாகும்.

உயிர் பிழைத்த பின்

பார்வை சில நாள்களில் ஓரளவு திரும்பினாலும், பார்வை நரம்பு அடுத்த வாரங்களில் மெல்ல நலிவடையக்கூடும். எனவே வீடு திரும்பிய பின்னரும் கண் மருத்துவரிடம் தொடர்ந்து பரிசோதித்துக்கொள்ள வேண்டும். நிலையான பார்வையிழப்பு ஏற்பட்டவர்கள் அரசு மருத்துவமனை வழியாக மாற்றுத்திறனாளி சான்றிதழும் தனித்துவ அடையாள அட்டையும் பெற விண்ணப்பிக்கலாம். நடை தடுமாற்றம், கை நடுக்கம், பேச்சு மந்தம் ஆகியவை புதிதாகத் தோன்றினால் நரம்பியல் பரிசோதனை தேவை.

குடிப்பழக்கத்திலிருந்து விடுபட விரும்புவோர்க்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் சிகிச்சை கிடைக்கிறது. அங்கு சிலருக்குக் கொடுக்கப்படும் டைசல்ஃபிரம் என்னும் மாத்திரையும் மேலே கூறிய பாதையிலேயே செயல்படுகிறது. ஃபோமிபிசோல் முதல் நொதியைத் தடுக்கும். டைசல்ஃபிரம் இரண்டாவதான ஆல்டிஹைடு டிஹைட்ரோஜினேஸைத் தடுக்கும். இம்மாத்திரை உட்கொள்பவர் மது அருந்தினால் அசிட்டால்டிஹைடு தேங்கிக் கடும் குமட்டலும் படபடப்பும் உண்டாகும். இரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்குக் குறையவும் கூடும். ஆகவே நோயாளியின் அறிதலும் ஒப்புதலும் இன்றி, உணவிலோ காப்பியிலோ மறைத்துக் கலந்து கொடுத்தல் கூடாது. மனைவியரும் பெற்றோரும் நல்ல நோக்கத்துடனேயே இவ்வாறு செய்ய மாத்திரை கேட்பது உண்டு. மருத்துவர்கள் மறுப்பதற்குக் காரணம் இதுவே. ஆலோசனைக்கு 104 என்னும் எண்ணையும், மனநல உதவிக்கு 14416 என்னும் எண்ணையும் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம்.